பெட்வே மூச்சு விட்ட இடங்கள்

யூஸ்டஸ் பெட்வே தன் வாழ்நாளில் பாடி வெளிவந்தது ஒரே ஓர் இசைத்தட்டு. ஒரு பக்கம் ப்ளூஸ் என்னும் துயரப் பாட்டு, மறுபக்கம் தேவாலயப் பாட்டு. அவர் எங்கள் மலையிலேயே, கீழ் டாலிவர் நிலக்கரி முகாமில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளி. அந்தத் தட்டின் பிரதியை மார்வெல் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்த நாளிலிருந்து எங்கள் குழுவுக்கு வேறு பேச்சு இல்லை.

குழு என்றால் மூன்று பேர். என் அண்ணன் க்ளோவிஸ் கிதார் வாசித்துப் பாடுவான். மார்வெல் டிப்ஸ் ஆளுயர பாஸ் வாத்தியம் வாசிப்பான். நான் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம். பழைய பாட்டைப் பழையபடியே பாட வேண்டும் என்பது அண்ணனின் சட்டம்.

"தட்டுல என்ன இருக்கோ அதான். நம்ம புத்திசாலித்தனத்த வீட்ல வெச்சிட்டு வரணும்," என்பான். "முக்கியமா நீ, காலேஜ்காரி." நான் மாலை வகுப்புக்குப் போவது அவனுக்குத் தீராத கேலி.

ப்ளூஸ் பாட்டின் மூன்றாவது அடியில் பெட்வே ஒரு வேலை செய்திருப்பார். மலைக்கு அடியில் போகும் தண்டவாளம் திரும்பும் வழியைச் சொல்லவில்லை என்று வரும் வரி அது. 'திரும்பும்' என்பதன் நடுவில், எந்தப் பாடகரும் நிறுத்தாத இடத்தில், குரல் அறுந்துவிடும். ஒரு கணம்தான். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மேலே போகும். தட்டில் இப்படி மூன்று இடங்கள். அண்ணன் ஒரு குளிர்காலம் முழுவதும் அந்த மூன்றையும் பழகினான். அவன் குரல் அறும்போது மார்வெலும் நானும் கையை எடுத்துவிட வேண்டும். எனக்குப் பலமுறை தவறியது.

மேடையில் அது எடுபட்டது. திருவிழாக்களில் அந்த இடம் வரும்போது ஜனங்கள் தாங்களும் மூச்சை நிறுத்துவது எனக்குக் கேட்கும். மலைக்குக் கீழே பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் ஹாஸ்க்யூ ஒரு நாள் மேடைக்குப் பின்னால் வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த இடறல் இருக்கே, அதுக்காகவே ஒரு ஆல்பம் போடலாம். அக்டோபர்ல வாங்க."

ஆல்பம் வந்தால் சுரங்கத்தை விட்டுவிடுவதாக அண்ணன் தன் மனைவி ரென்னிக்கு வாக்குக் கொடுத்தான். அவனுக்குச் சுரங்கத்தின் மேற்கூரைப் பாறையில் துளை போட்டு முளை இறுக்கும் வேலை. பள்ளிக்கூடம் முடித்த கோடையில் போனவன், முப்பத்தேழு வயதிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

அந்த வசந்தத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தட்டில் இல்லாத இடங்களிலும் அண்ணன் குரல் அறுவதாகத் தோன்றியது. கைப்பேசியில் பதிந்திருந்த கச்சேரிகளைப் போட்டுத் தட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பார்த்தும் நம்பவில்லை. என் காதுமேல் எனக்கு என்றுமே முழு நம்பிக்கை இருந்ததில்லை. பாட்டு அவனுக்குள் ஊறிவிட்டது, இனி அவனே புதிதாகச் சேர்க்கிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆகஸ்டில் மார்வெலின் தேவாலயத்தில் ஊர்கூடும் ஞாயிறு. முகாம் மூடியபின் டெட்ராய்ட்டுக்கும் கிளீவ்லாந்துக்கும் போன குடும்பங்கள் எல்லாம் அன்றைக்குத் திரும்பி வரும். காலையில் ஆராதனை, மதியம் மரத்தடியில் சாப்பாடு, பிறகு பாட்டு. பெட்வேயின் மகள் வெர்லீன் டெட்ராய்ட்டிலிருந்து வருவதாக மார்வெல் அந்த வாரம்தான் சொன்னான். அவனுக்கு அவர் தூரத்து அத்தை முறை. அண்ணன் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டான்.

அந்தத் தேவாலயத்தில் பாடுபவரைத் தனியாக விடமாட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் யாராவது ஆமென் சொல்வார்கள், கை தட்டுவார்கள், 'சொல்லு, சொல்லு' என்பார்கள். முதல் இரண்டு அடிக்கு அப்படித்தான் இருந்தது. மூன்றாவது அடியில் அண்ணன் குரல் அறுந்ததும் முன்வரிசைக் கிழவிகள் வாயை மூடிக்கொண்டார்கள். பாட்டு முடியும்வரை ஒரு சத்தமும் இல்லை. விசிறி அட்டைகள்கூட நின்றுவிட்டன.

முடிந்ததும் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெரிய அம்மாள் கையில் சாப்பாட்டுத் தட்டோடு எங்களிடம் வந்தார்.

"யாரு பாடினது? இந்த ஒல்லிக்குச்சியா?"

"ஆமாம்மா," என்றான் அண்ணன்.

"எங்கப்பாவ எங்க பாத்த நீ?"

"பாத்ததில்லம்மா. தட்டுலதான் கேட்டேன். ஒரு எழுத்து மாத்தாமப் பாடுறோம்."

"அதான் தெரியுதே. இருமல மட்டும் எதுக்கு விட்ட? அதையும் பாடியிருக்கலாம்ல."

"அத்தை..." என்றான் மார்வெல்.

"நீ சும்மா இருடா. உனக்காவது தெரிய வேணாம்?" அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "பாட்டப் பதியுற மிஷினத் தூக்கிட்டு ஒருத்தன் வந்தானே, அப்போ எங்கப்பாவுக்கு வாசல்லருந்து வீட்டுக்குள்ள வர்றதுக்கே நடுவுல உக்காரணும். நெஞ்சு பூரா கரித்தூசி. பாடுற ரூமுக்கு வெளிய எங்கம்மா துப்புற சட்டியோட நின்னா. நானும் நின்னேன். இந்தப் பாட்ட அவரு முன்னாடியெல்லாம் ஒரே மூச்சுல இழுப்பாரு, ஆத்துக்கு அந்தப்பக்கம் கேக்கும். நல்லா இருந்தப்ப ஒரு பயலும் மிஷினோட வரல."

 மார்வெல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"தெரியாமப் பண்ணிட்டோம்மா," என்றான் அண்ணன்.

"சரி. இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. அந்த நிறுத்தலயெல்லாம் எடுத்துட்டுப் பாடு. எனக்காக. எங்கப்பா பாடின மாதிரி ஒரு தடவ காதுல விழட்டும்."

அண்ணன் கிதார் இல்லாமலே தொடங்கினான். அந்த இடம் வந்தது, குரல் அறுந்தது. சிரித்துக்கொண்டே, "வயிறு முட்டக் கோழி தின்னுட்டேன்," என்று மறுபடி தொடங்கினான். இந்தத் தடவை அதற்கு முந்தைய வரியிலேயே அறுந்தது. மூன்றாம் தடவை அவன் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன்.

"பழகிப்போச்சும்மா," என்றான். "ரொம்ப நாளா இப்படியே பாடிட்டேன்ல."

வெர்லீன் அம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீ உள்ள போறவனா?"

"ஆமா."

"என்ன வேல?"

"கூரை முளை."

அவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து அண்ணனின் பின்னால் போய், சளி பிடித்த குழந்தைக்கு வைப்பதுபோல் அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். அவன் நான்கைந்து மூச்சு விடும்வரை கையை எடுக்கவில்லை. "என்னைய வீட்ல கொண்டுபோய் விடு, மார்வெல்," என்றார். 

திரும்பும் வழியில் நான் எக்ஸ்ரே வண்டி பற்றிப் பேச்செடுத்தேன். சுரங்கத் தொழிலாளர்களின் நெஞ்சைப் படம் எடுக்க வருடா வருடம் எங்கள் ஊருக்கு ஒரு வண்டி வரும்.

"படத்த எடுத்து என்ன பண்ண? ஹால்ல மாட்டவா?" என்றான்.

"சும்மா பாத்துக்கலாமேண்ணா."

"சிகரெட்ட விட்டாச் சரியாயிடும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

சிகரெட்டை விட்டான். அவன் வீட்டுக்கு அடுத்த வீடுதான் என்னுடையது. வேலை முடிந்து வந்ததும் அவன் தன் பிக்கப் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த மூன்றாவது அடியைப் பாடிப்பார்ப்பது தினமும் எனக்குத் தெரியும். குரல் கேட்காது. ஆனால் தலை பின்னால் சாய்வதும், நிற்பதும், மறுபடி சாய்வதும் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். ஒரு வாரம் கழித்து அவனே வந்து நின்றான். "கார் சாவி எங்க? அந்த எக்ஸ்ரே வண்டி இன்னைக்கு மட்டும்தானாம்."

படத்தைப் பார்த்த மருத்துவர் என் வயதுப் பெண். அண்ணனின் வயதை ஒருமுறை கேட்டாள். பிறகு படத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டாள். வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் இரண்டு பக்கமும் இருந்தன. போன மூச்சு திரும்பாது, தூசியை விட்டு வெளியே வந்தால் இனிப் போவது மெதுவாகலாம், அதுவும் உறுதியில்லை என்றாள். அவள் நல்லபடியாகத்தான் சொன்னாள். அண்ணன் அவளுக்கு நன்றி சொன்னான்.

காரில் ஏறியதும், "ரென்னிக்கு நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத," என்றான்.

"வேலைய விட்டுரு."

"விட்டா கம்பெனி குடுக்கற வைத்திய இன்ஷூரன்ஸ் போயிரும். இனிமேதான் அது வேணும்." அவன் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. 

ஹாஸ்க்யூவிடம் நான்தான் ஃபோனில் சொன்னேன்.  உண்மையாகவே வருந்தினார் என்று நினைக்கிறேன். பிறகு தயங்கித் தயங்கி, "இதப் பத்தி ஆல்பம் அட்டையில ரெண்டு வரி எழுதலாமா?" என்று கேட்டார். அண்ணனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கேட்கவில்லை.

அக்டோபரில் பிரிஸ்டலுக்குப் போனோம். மற்ற பாட்டுகளை எப்படியோ முடித்தோம். பெட்வேயின் பாட்டை நிறுத்தாமல் பாடப்போவதாக அண்ணன் சொன்னபோது ஹாஸ்க்யூ திடுக்கிட்டார்.

"அதுதானப்பா உங்க அடையாளமே!"

"அது அவரோட சீக்கு," என்றான் அண்ணன். "நான் முழுசாப் பாடணும்."

காலையில் தொடங்கினோம். உட்கார்ந்து பாடினான். நின்று பாடினான். சுவரில் சாய்ந்து பாடினான். சுருதியை இறக்கிப் பார்த்தோம், வேகத்தைக் கூட்டிப் பார்த்தோம். வேகம் கூட்டினால் பாட்டு செத்துப்போனது. ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் அறுந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஹாஸ்க்யூ ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலை உயர்த்தினார். எல்லாமே அவருக்கு அழகாக இருந்தது. மதியத்துக்குப் பிறகு அண்ணனுக்குப் பேசவே மூச்சு போதவில்லை.

"ஒட்டிக் குடுங்க," என்றான் கடைசியில்.

"என்ன?"

"ஒரு தடவ பாடினதுல பாதி. இன்னொண்ணுல மீதி. ஒட்ட முடியும்ல?"

முடியும். ஒலிப்பதிவாளர் எழுத்து எழுத்தாக எடுத்து ஒட்டினார், மூச்சு வாங்கிய சத்தங்களை வெட்டினார். கேட்டபோது எங்கேயும் ஒட்டுத் தெரியவில்லை. மூன்றாவது அடி ஆரம்பித்த இடத்திலிருந்து முடிந்த இடம்வரை நீண்டு போனது. மார்வெல் எழுந்து வெளியே போய்விட்டான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் ஹாஸ்க்யூ. "ஆனா இது நீ இல்லையே, க்ளோவிஸ்."

"நானா இருக்கணும்னு யாரு கேட்டா?" என்றான் அண்ணன். "இதத்தான் போடணும்."

கிளம்புமுன் மார்வெல் வாசலில் நின்று டெட்ராய்ட்டுக்கு ஃபோன் போட்டு, பாட்டை அதன் அருகில் வைத்து ஒலிக்கவிட்டான். வெர்லீன் அம்மாள் முழுவதும் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார். "அந்தப் புள்ள எப்படி இருக்கான்?"

மார்வெல் எங்களைப் பார்த்தான். அண்ணன் சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "நல்லா இருக்கான் அத்தை," என்றான் மார்வெல்.

மலை ஏறும் சாலையில் நான் ஓட்டினேன். இலையுதிர்காலத்தில் மரங்களெல்லாம் சிவந்திருந்தன, வெயில் இன்னும் மிச்சமிருந்தது. திங்கட்கிழமை அவனுக்கு இரண்டாவது ஷிப்ட். உச்சி வளைவு தாண்டியதும், "போடு, கேப்போம்," என்றான்.

போட்டேன். அவன் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே பாடினான். முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாவதில் பாட்டு போய்க்கொண்டே இருந்தது, அவன் வாய் திறந்தபடி நின்றது. கையை முன்பலகையில் ஊன்றிக்கொண்டான். குரல் அவன் இல்லாமலே வரியை முடித்து அடுத்ததற்குப் போனது. அவன் மீண்டும் வந்து சேர்ந்துகொண்டபோது பாட்டு ஏறக்குறைய முடிந்திருந்தது.

"இன்னொரு தடவ," என்றான்.

போட்டேன்.