'சம்படி' யார்?

டைப்பிஸ்ட் அக்கா அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. முதலாளியின் ஆங்கிலத்தைச் சத்தமில்லாமல் திருத்துவதும் அவள் வேலையில் சேர்த்தி. அவர் 'எவ்ரிபடி ஆர்' என்று எழுதினால் இவள் 'இஸ்' என்று அடிப்பாள். அவருக்கு வித்தியாசம் தெரிந்ததே இல்லை.

அன்று காலை அவர் நீட்டியது விபத்து அறிக்கை. முந்தின நாள் வெட்டும் மெஷினில் ஒரு பெண்ணுக்கு இரண்டு விரல்நுனி போய்விட்டது. ஓயாமல் பேசுவதால் எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் பெண்.

'சம்படி ஹேவ் ரிமூவ்ட் த கவர்.' யாரோ மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டார்களாம்.

"சார், சம்படின்னா ஒருமை. 'ஹேவ்' வராது, 'ஹேஸ்'தான்."

"மாத்திக்கோ. அதுக்குத்தானே நீ இருக்கே."

"இன்னொரு தப்பும் இருக்கு. ஆள் யாருன்னு தெரியலேன்னாதான் சம்படி போடணும். இங்கதான் தெரியுமே."

முதலாளி நிமிர்ந்தார். "யாரு?"

"மூடி இருந்தா வேலை மெதுவா ஓடுதுன்னு திங்கட்கிழமை மெக்கானிக்கைக் கழட்டச் சொன்னது நீங்க. கையெழுத்து வாங்க நான் பக்கத்துலதான் நின்னேன்."

"இலக்கணம் பேசற நேரமா இது? உள்ளபடி அடிச்சுக் கொண்டா!"

'சம்படி' இருந்த இடத்தில் முதலாளியைப் போட்டு உள்ளபடியே அடித்தாள். சாட்சியாகத் தன் கையெழுத்தையும் போட்டாள். அவர் படித்தார், நாலாகக் கிழித்தார்.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"இன்னிக்கு இருக்கேன்ல?" என்று இன்னொரு பிரதி எடுத்தாள்.

பதினொரு மணிக்கு விபத்தை விசாரிக்கத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். முதலாளி தானே தட்டுத்தடுமாறி அடித்த தாளை நீட்டினார். அக்கா தன்னுடையதை அதன் மேலேயே வைத்தாள்.

"ரெண்டுல எதும்மா சரி?"

"அவரோடதுல வினைச்சொல்லும் தப்பு, ஆளும் தப்பு."

ஆய்வாளர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டார். மெக்கானிக் முதலாளியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஐயாதான் கழட்டச் சொன்னாருங்க."

மத்தியானமே மெஷினுக்குச் சீல் விழுந்தது.

அக்கா மேஜையைக் காலி செய்யவில்லை. ஐந்தரை வரை மிச்சக் கடிதங்களை அடித்து முடித்துவிட்டு முதலாளி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "நாளைக்கும் வருவேன் சார். வேண்டாம்னா எழுத்துல குடுங்க. காரணத்தோட."

கடிதம் வரவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.