ரெண்டு சுற்றுத் தாளம்

கொழும்பு கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் ஒரு மாதமாகத் தண்ணீர் இல்லை. ஏனென்று நேரலையில் கேட்ட தொலைக்காட்சிச் செய்தியாளர் தர்மிகாவைப் பார்த்து அமைச்சர் இளித்தார்.

"அழகுராணி கோபிக்கப்படாது. சங்கீதம் படிச்ச பிள்ளையெல்லோ, முதல்ல ஒரு பாட்டுப் பாடுங்கோ."

அழகுராணிப் பட்டம் வென்று ஆறு வருடம். அதில் ஐந்து வருடம் மழையிலும் வெயிலிலும் மைக் பிடித்திருக்கிறாள். இன்னும் இவங்களுக்குக் கிரீடமும் பாட்டும்தான்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாட்டில்லை, சேர். ரெண்டு சுற்றுத் தாளம் போடுறன். அதுக்குள்ள பதில் சொல்லுங்கோ."

மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டி, மற்றக் கையால் தொடையில் தட்டினாள். பின்னால் நின்ற தொடர்மாடிப் பெண்கள் வெறும் வாளிகளில் சேர்ந்து தட்டினார்கள். அமைச்சர் கமராவைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார்.

"ரெண்டு சுற்றும் முடிஞ்சுது, சேர்," என்றாள் தர்மிகா. "தண்ணியும் வரேல்லை, பதிலும் வரேல்லை."