நல்லையாவுக்கு ஒரு வாணம்

வாணவேடிக்கைக்கு மூங்கில் சாரம் கட்டியவர்களில் நல்லையாவும் ஒருவன். மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதே சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். வலியைக்கூடப் பொறுத்தான். அந்த இரவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழியப்போவதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

"நீயாவது போய்ப் பாரு. வந்து ஒண்ணு விடாம சொல்லணும்," என்றான் மனைவியிடம்.

கோகிலாவுக்குச் சொல்ல வராது. எந்தத் திருவிழாவுக்குப் போய்வந்தாலும் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடித்துவிடுவாள். அவர்கள் குடியிருந்த காஜா பேராங்கில் அடுத்த வீட்டுக்காரர் சிஹாபுதீன், படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். அவரிடம் போய் நின்றாள்.

அவர் ஒரு பெட்டிக் கேமராவைக் கொடுத்தார். எட்டுப் படம் பிடிக்கலாம்.

"வாணம் கெளம்புற சத்தம் கேட்டதும் இதை அழுத்துங்க தங்கச்சி. வெடிச்சு அடங்குற வரைக்கும் விரலை எடுக்காதீங்க. மூச்சு விட்டாக்கூட கோடு நெளியும்."

"அப்ப மூச்சே விடலை, பாய்."

"நடு நடுவுல விட்டுக்குங்க. உங்க வீட்டுக்காரருக்கு நான் பதில் சொல்ல முடியாது."

வாணம் விடும் பண்டார் ஹிலிர் திடலில் கால் வைக்க இடமில்லை. மதில்மேல் கேமராவை வைத்து இடக்கையால் அமுக்கிப் பிடித்தாள். சீறல் கேட்டதும் அழுத்தினாள். கூட்டத்தின் கூச்சல் அடங்கியதும் விட்டாள். அடுத்த படத்துக்குச் சுருளைத் திருகினாள். யார் யாரோ முதுகில் இடித்தார்கள். கண்ணை விரலிலிருந்து எடுக்கவில்லை.

கழுவிப் பார்த்தபோது ஏழு படங்களில் வெளிச்சம் புழுவாய் நெளிந்தது. ஒன்று தேறியது.

"முதல் தடவைக்கு இதுவே பெருசு," என்றார் சிஹாபுதீன்.

நல்லையா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனான். கறுப்பில் வெள்ளையாக ஒரு வாணம் விரிந்து, நுனிகள் வளைந்து இறங்கின.

"அடியே, நெசமாவே புடிச்சிட்டியே!" பக்கத்துக் கட்டில்காரருக்கும் காட்டினான். பிறகு கேட்டான்: "இது என்னா நெறம்?"

"செவப்பு."

"முழுக்கவா?"

"கொஞ்சம் பச்சையும்..."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "நீ மேலேயே பாக்கலை."

"கை அசைஞ்சா கெட்டுப்போயிரும்னாருங்க."

"எட்டு வாணத்துக்குமா?"

அவள் தலைகுனிந்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

நல்லையா போர்வையை ஒதுக்கிக் கட்டிலில் இடம் காட்டினான். "உக்காரு. ரெண்டு பேரும் இப்பத்தானே பாக்குறோம்."

படத்தை இருவருக்கும் நடுவில் பிடித்தான்.

"நடுவுல மஞ்சளா இருந்திருக்கும்," என்றான்.

கோகிலா குனிந்து பார்த்தாள்.

"மஞ்சளா? நீலங்க," என்றாள்.