வளைவுக்குக் கீழே நிற்பவன்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கான்கிரீட் வளைவு இறுகிய பிறகு, அதை உள்ளிருந்து தாங்கும் இரும்புக் கூட்டை மடக்கும்போது அடியில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் மட்டுமே நிற்பார். கூலிக்கு வந்த யாரையும் உள்ளே விடமாட்டோம். என் அப்பா நின்றார். நான் நின்றேன். என் தம்பி, நெஞ்சுவலியில் போய்ச் சேரும்வரை நின்றான். என் முழங்கால்கள் மக்கர் செய்யத் தொடங்கியதும் தம்பி மகன் நின்றான்.

கூடு என்பது நாங்கள் வைத்த பெயர். ஒப்பந்தக்காரர்கள் மடக்குச் சென்ட்ரிங் என்பார்கள். சாலைக்கு அடியில் ஓடைநீர் போகக் கட்டும் சிறுபாலங்களுக்கானது. வளைந்த இரும்புத் தகடுகள், உச்சியிலும் இரண்டு தோள்களிலும் கீல்கள், உள்ளே குறுக்காகத் திருகு ஜாக்கிகள். திருகை விரித்தால் கூடு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். அதன் மேல் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றலாம். இறுகியதும் திருகைத் தளர்த்தினால் இரண்டு பக்கமும் உள்ளே மடங்கும், உச்சி ஒரு சாண் இறங்கும், முழுக் கூட்டையும் சக்கரத்தில் உருட்டி அடுத்த பாலத்துக்குக் கொண்டுபோய்விடலாம். பலகை அடித்து முட்டுக் கொடுத்து, பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கும் தொல்லை இல்லை. ஆனால் திருகு உள்ளேதான் இருக்கிறது. அதைத் தளர்த்துகிறவன் தலைக்கு மேலிருந்து இரும்பு விலகும். அந்த நொடியில் வளைவு தன் காலில் நின்றாக வேண்டும்.

"ஐயா, உங்க கூட்டுக்காக உங்ககிட்ட வரல. கூடு ஊர்ல நாலு பேர்கிட்ட இருக்கு. உங்க வழக்கத்துக்காக வர்றோம்" என்று ஒரு ஒப்பந்தக்காரர் என் முகத்துக்கு நேரே சொன்னதுண்டு. நான் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளதைத்தானே சொன்னார்.

அன்று மதியம் மேஸ்திரியின் போன் வந்தபோது நான் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பட்டறையில் கீல் ஆணிகளுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, வளைவு விழுந்துடுச்சு. மடக்கும்போதே விழுந்துடுச்சு. உள்ள ஆளு மாட்டி..."

அத்தோடு துண்டித்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. தம்பி மகனின் போன் அணைந்து கிடந்தது.

உள்ளே ஆள் என்றால் எங்களுக்கு ஒரே பொருள்தான்.

தம்பி மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் முறத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"வளைவுக்கு அடியில நிக்கிற வீட்டுல பொண்ணு குடுக்காதீங்கன்னு எங்க அண்ணன் அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டான்" என்றாள். சாதாரணமாக யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிறகுதான் அலறினாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள்.

வண்டிக்குச் சொல்லிவிட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகைச் சாய்க்கவில்லை. பிள்ளை போய்விட்டான், ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நின்று போனான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் என்னால் உட்கார முடிந்தது.

வண்டி வருவதற்குள் எங்கள் ஜீப்பே வந்து நின்றது. அதிலிருந்து அவன் இறங்கினான். சட்டையெல்லாம் சிமெண்ட் புழுதி. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

பெற்றவள் ஓடிப்போய் அவனை அப்படியே சேர்த்துக் கட்டிக்கொண்டாள். நானும் எழுந்து போய் அவன் தோளைத் தொட்டேன். எலும்பும் சதையுமாகச் சூடாக இருந்தான். பெருமூச்சு வந்தது. அது முடிவதற்குள் என் கை தானாகக் கீழே இறங்கியது.

"நீ இங்க நிக்கிற. அப்ப உள்ள யாரு?"

அவன் வாசற்படியைப் பார்த்தான்.

"நெட்டை."

நெட்டை எங்களிடம் கம்பி கட்டுகிறவன். நல்ல உயரம். "பாலத்துக்குள்ள குனிஞ்சு குனிஞ்சே பாதி போயிடுச்சுங்க. கல்யாணத்தப்ப என்னைப் பாத்திருக்கணும் நீங்க" என்பான். அவன் மனைவி பக்கத்தில் நின்றால், "என்ன பாத்தது? கழுத்து வலிச்சதுதான் மிச்சம்" என்பாள்.

"எடுத்தாச்சா?" என்றேன்.

"இல்ல. பொக்லைன் வந்துக்கிட்டிருக்கு."

"எடுக்கறதுக்கு முன்னாடியே நீ வந்துட்டியா?"

"அம்மா பயந்திருப்பாங்கன்னு..."

"ஏறு வண்டியில."

அவன் ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவனே ஆரம்பித்தான். அடுத்த ஓடையில் தண்ணீர் வருவதற்குள் கூடு அங்கே போயாக வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் உயிரை வாங்கினாராம். இங்கேயோ விடாத தூறல், குளிர். கான்கிரீட் இறுகத் தாமதமாகியிருக்கிறது.

"தட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சத்தம்?"

ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"மொத்துன்னு இருந்துச்சு."

இறுகிய கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும். இறுகாதது நனைந்த சாக்கை அடித்தாற்போல இருக்கும். அவனுக்குத் தெரியாத பாடமில்லை அது.

"ஒருவேளை நின்னுடும்னு நினைச்சேன் பெரியப்பா."

"நின்னுடும்னு நினைச்சிருந்தா நீ உள்ள போயிருப்ப."

அதற்குப் பிறகு மீதியையும் சொன்னான். மற்றவர்கள் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் பாலத்தின் வாய்வரை போனான். அதற்கு மேல் உள்ளே போக முடியவில்லை. அந்த நேரம் பார்த்து நெட்டை கை கழுவிக்கொண்டு அந்தப் பக்கம் வந்திருக்கிறான். இவன் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "முக்கியமான போன், நீ போய்த் திருகைத் தளர்த்து" என்று சைகை காட்டினானாம். ஸ்பேனரை இவனே எடுத்துக் கொடுத்தானாம்.

"அவன் ஒண்ணும் சொல்லலியா?"

"சிரிச்சான். 'சின்னவரே, இன்னிக்கு என்னையும் உங்க குடும்பத்துல சேத்துட்டீங்களா'ன்னு கேட்டான்."

நான் வெளியே பார்த்தேன். சாலையோரம் யாரோ செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பெரியப்பா, நீங்களா இருந்தா உள்ள போயிருப்பீங்களா?"

"போயிருக்க மாட்டேன். மடக்கவே விட்டிருக்க மாட்டேன். அதுக்குத்தாண்டா அந்த வழக்கம்."

எங்கள் வீட்டு ஆண்களின் துணிச்சலைக் காட்ட வைத்த வழக்கம் என்றுதான் ஊரில் பேச்சு. அப்படியல்ல. மடக்கலாம் என்று வாயால் சொல்கிறவன் எவனோ, அவன் தலைதான் அடியில் இருக்க வேண்டும். அப்போதுதான் வாய் அவசரப்படாது.

நெட்டையை எடுக்கும்வரை தம்பி மகனை என் பக்கத்தில் நிற்க வைத்தேன். கூடு ஒரு பக்கமாக மடங்கி அவன்மேல் கிடந்தது. அறுத்துத்தான் எடுத்தார்கள். ஸ்பேனர் கையிலிருந்து விழவில்லை. தார்ப்பாயால் போர்த்தினார்கள். அது அவனுக்கு எட்டவில்லை. தலையை மூடினால் பாதம் தெரிந்தது, பாதத்தை மூடினால் தலை. வேறு யாருக்காவது அப்படி ஆகியிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன் அவன்தான்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஒப்பந்தம் என் பெயரில் இருந்ததால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது. நெட்டை கீல் ஆணியைத் திருடத்தான் ஆளில்லாத நேரம் பார்த்து உள்ளே போனானாம். மேஸ்திரி வாயில் பிறந்த பேச்சு. அந்த வாய்க்கு யார் ஊட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை.

விசாரணைக்கு முதல் நாள் மாலை தம்பி மனைவி என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அத்தான், உங்களைப் பொய் சொல்லச் சொல்லல."

"பிறகு?"

"நம்ம வழக்கத்தை மட்டும் சொல்லுங்க. நம்ம வீட்டு ஆளைத் தவிர யாரும் உள்ள போகக் கூடாது, அவ்வளவுதான். அது உண்மைதானே? மிச்சத்தை அவங்களே எழுதிக்குவாங்க."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் அப்பா வாழ்நாள் முழுக்கக் காத்ததை அப்படியே எடுத்துச் சொன்னால் போதும், செத்தவன் திருடனாகிவிடுவான்.

"செத்தவன் பேரு என்னாகிறது?"

"செத்தவனுக்குப் பேரு என்னத்துக்கு அத்தான்? உசுரோட இருக்கிறவன் உள்ள போயிடுவானே! நீங்கதானே அவனைத் தூக்கி வளத்தீங்க. உங்க தம்பி மூச்சு அடங்கும்போது உங்க கையிலதானே இவன் கையப் புடிச்சுக் குடுத்தாரு?"

கதவுக்கு வெளியே அவன் நிற்பது நிழலில் தெரிந்தது. உள்ளே வரவில்லை. அன்றிரவு எங்கள் மூவரில் யாரும் சாப்பிடவில்லை.

விசாரணை நடந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி. அதிகாரி வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். பக்கத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்தாள். சுவரோரக் கடைசி நாற்காலியில் நெட்டையின் மனைவி ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

"ஐயா, உங்க குடும்ப வழக்கத்தைப் பத்தி எல்லாருமே சொல்றாங்க. கூட்டை மடக்கும்போது உங்க வீட்டு ஆளைத் தவிர யாரும் உள்ள போகக் கூடாது. சரிதானே?"

"சரிதான்."

அந்தப் பெண் தட்டினாள்.

"அப்படின்னா இறந்தவர் அனுமதி இல்லாம, அவராத்தான் உள்ள போனாருன்னு எடுத்துக்கலாமா?"

தம்பி மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்தேன். முழங்கால் இரண்டும் முனகின.

"உக்காந்தே சொல்லலாம் ஐயா."

"நின்னே சொல்றேன். அவன் தானா போகல. அனுப்பினாங்க. அனுப்பினது என் தம்பி மகன். வளைவு இன்னும் இறுகலைன்னு தட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டு, தான் போகப் பயந்து, அவனை அனுப்பினான். ஸ்பேனரையும் இவன்தான் கையில குடுத்தான். திருட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. போறதுக்கு முன்னாடி அவன், 'என்னையும் உங்க குடும்பத்துல சேத்துட்டீங்களா'ன்னு கேட்டுட்டுப் போயிருக்கான். அதையும் எழுதிக்குங்க."

"இதைப் பாத்தவங்க யாராவது..."

"யாரும் இல்ல. என்கிட்ட அவனே சொன்னான். இதோ உக்காந்திருக்கான். நான் சொன்னது இல்லேன்னா இல்லேன்னு சொல்லட்டும்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பெற்றவள் அவன் முழங்கையை இறுகப் பிடித்தாள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். இல்லை என்று சொல்லவில்லை. அந்த மட்டுக்கு அவன் எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

"அதை இன்னொரு தடவ படிங்க."

சுவரோரத்திலிருந்து வந்தது குரல். அதிகாரி தலையசைத்தார். தட்டச்சுப் பெண் தணிந்த குரலில் படிக்க ஆரம்பித்தாள்.

"சத்தமா" என்றாள் நெட்டையின் மனைவி.

படித்து முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்புவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. என் வீட்டு ஆள் செய்ததை நான் சொன்னதற்கு அவள் எதற்கு எனக்குத் தலையாட்ட வேண்டும்?

தம்பி மகனைப் போலீஸ்காரர்கள் அங்கிருந்தே அழைத்துப் போனார்கள். வழக்கு நடந்தது, தண்டனையும் ஆனது. வேலை தருகிறவர்கள் எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பட்டறையை நானே பூட்டினேன்.

அவனை அழைத்துப் போன அன்று தம்பி மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "உங்க மானம் விழாம இருக்க என் புள்ளைய முட்டுக் குடுத்துட்டீங்க." அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பெற்றவளிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல. பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பார்க்க அனுமதிக்கும் நாட்களில் அவள் கிளம்புவாள். நானும் கிளம்புவேன். ஒரே பேருந்தில் போவோம், அவள் முன் இருக்கையில், நான் எங்கோ பின்னால். சிறை வாசலில் காவலர் என்னிடம், "என்ன உறவு?" என்று கேட்பார். "பெரியப்பா" என்பேன். உள்ளே போய்த் திரும்பி வந்து, "உங்களைப் பாக்க விருப்பமில்லையாம்" என்பார். வெளியே தகரக் கொட்டகையில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பேன். சில காவலர்களுக்கு இப்போது கேட்காமலே தெரியும். "பெரியவரே, வீட்ல இருக்கலாம்ல? எதுக்கு இந்த அலைச்சல்?" என்பார்கள். அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. பார்க்க மறுப்பது அவன் உரிமை. வருவது என் கடமை.

போன தடவை அவள் வெளியே வந்ததும் நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போகவில்லை. பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் கொட்டகைத் தூணைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"கை நடுங்குது அவனுக்கு. நிக்கவே மாட்டேங்குது. சட்டைக்குப் பட்டன்கூடப் போட முடியல. பக்கத்துல இருக்கிறவன் யாரோ போட்டு விடறானாம்."

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

"பட்டன் இல்லாத பனியன் மாதிரி சட்டை ஏதாவது வாங்கணும்."

"அளவு?"

"உங்க அளவுதான்" என்றாள்.

கடைத்தெருப் பக்கம் நடந்தோம். அவள் முன்னால் போனாள். நான் கொஞ்சம் பின்னால்.