சிவப்பு அம்பு ஒட்டிய தொப்பி

தொழிற்சாலையில் எல்லோரும் தன்னைப் பூதக்கண்ணாடி என்று சொல்வது அவளுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் அவளுக்குக் காதும் கண்ணுக்குக் குறைந்ததில்லை. சட்டை தைக்கும் அந்த நீளக் கூடத்தின் கடைக்கோடியில் அவள் மேஜை. நாற்பது மெஷினில் தைத்து வரும் ஒவ்வொரு சட்டையும் அவள் கையைத் தாண்டித்தான் இஸ்திரிக்குப் போகவேண்டும். காலர் ஒரு நூல் கோணியிருந்தாலும் கொண்டையில் செருகிய பென்சிலை உருவுவாள், சீட்டில் எழுதுவாள், தப்பைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. பார்த்துப் பார்த்து, தப்பில்லாத பொருளே உலகத்தில் கிடையாது என்ற முடிவுக்கு வந்திருந்தாள். மனிதர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கீமோ, ஆறு தடவை, அப்புறம் ஆபரேஷன் என்றார் டாக்டர். தொழிற்சாலையில் யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. காரணம் இருந்தது. முன்பு பட்டன் பிரிவில் ஒருத்தி இடுப்பு ஆபரேஷனுக்கு லீவு போட்டாள். "நல்லா ரெஸ்ட் எடும்மா" என்று எல்லோரும் வாய் நிறையச் சொல்லி அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடைசி மேஜையும் போய்விட்டால் தன்னிடம் வியாதி மட்டும்தான் மிஞ்சும் என்று பூதக்கண்ணாடிக்குப் பயமாக இருந்தது. அதனால் லீவுக்குப் பல்வலி என்று காரணம் சொன்னாள். யாரும் துருவித் துருவிக் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் கணவர், லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பார். இன்னொருத்தி அவருடைய தங்கை. இந்த நாத்தனாருக்குக் குடும்பத்தில் ரேடியோ என்று பெயர். வீட்டிலேயே மெஷின் போட்டு, பழைய துணியைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவள். வாயைத் திறந்தால் நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. முதல் கீமோ ஏறிய ஐந்து மணி நேரமும் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க் கதை அத்தனையும் பேசித் தீர்த்தாள். அந்தப் பேச்சு மட்டும் இல்லையென்றால் பூதக்கண்ணாடி பாதியில் எழுந்து ஓடியிருப்பாள். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பதினைந்து நாள் கழித்து, சனிக்கிழமை காலையில் முடி சீப்போடு வந்தது. மத்தியானத்துக்குள் தலையணை, குளியலறை, தோசைக்கல் வைக்கும் அலமாரி வரைக்கும் முடி. சாயங்காலம் ரேடியோ டிரிம்மரோடு வந்து மிச்சத்தையும் எடுத்துவிட்டாள். பூதக்கண்ணாடி கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கேயும் அம்பு ஒட்டத் தோன்றும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இருவரும் விக் கடைக்குப் போனார்கள். மாடியில் ஒரு குறுகலான அறை, சுவர் முழுக்க முகமில்லாத தெர்மாக்கோல் தலைகள். பூதக்கண்ணாடி ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கம் திருப்பினாள், வலையை இழுத்தாள், வகிட்டை வெளிச்சத்தில் பிடித்தாள், நாலு இழையைச் சுண்டிப் பார்த்தாள். கடைக்காரம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

ரேடியோ ஒரு நீல ஸ்கார்ஃபை எடுத்து நீட்டினாள். "அண்ணி, இது கட்டிப் பாருங்களேன். உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

"எடுப்பா இருந்தா நாலு பேர் பார்ப்பாங்க. யாரும் பார்க்கக்கூடாதுன்னுதானே வந்திருக்கோம்."

கடைசியில் ஒரு விக் தேறியது. அதே கறுப்பு, அங்கங்கே இரண்டு நரை, கொண்டை போட வாகான நீளம். "பின்னு, ஊசி, எதையும் குத்திடாதீங்க. வலை கிழிஞ்சிடும்" என்றாள் கடைக்காரம்மா. பூதக்கண்ணாடி அன்றே பென்சிலை ஒரு நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தயாராக வைத்தாள். எதையும் விட்டுவிடவில்லை என்று திருப்தி.

அன்று சாயங்காலம் ரேடியோ இன்னொரு பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே ஒரு தொப்பி. மெத்தென்ற பனியன் துணி, காப்பிப் பொடி நிறம்.

"வீட்ல போட்டுக்குங்க, அண்ணி. நானே தைச்சேன்."

பூதக்கண்ணாடி அதை விளக்கருகே கொண்டுபோனாள். தையல் முழுக்க வெளிப்பக்கம் இருந்தது. மடித்தடித்த விளிம்பு, முடிச்சு, எல்லாம் ஊர் பார்க்க வெளியே. மீந்த துணியில் ஏனோதானோவென்று தைத்துவிட்டு அன்பளிப்பு என்று நீட்டுகிறாளே என்று அவளுக்குச் சுருக்கென்றது.

"என்ன இது, உள்ள வெளிய தெரியாம தைச்சிருக்க?"

"அது எதுக்குன்னா அண்ணி..."

"எதுக்குன்னும் வேணாம். முடியோட சேர்ந்து என் கண்ணும் கொட்டிடுச்சுன்னு நெனச்சியா?" கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்துத் தையல்மேல் ஒட்டி, தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ரேடியோ எதுவும் பேசாமல் வாங்கிக்கொண்டாள். ரேடியோ பேசாமல் இருந்ததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை விக்கோடு வேலைக்குப் போனாள். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் அவளுடைய மர ஸ்டூலைக் காணோம். அந்த இடத்தில் முதுகு சாயும் நாற்காலி ஒன்று. சுவர் ஃபேன் அவள் பக்கம் திரும்பியிருந்தது. இருபது இருபதாக வரும் சட்டைக் கட்டு பத்துப் பத்தாக வந்தது, அதையும் இஸ்திரிக்காரர் தானே தூக்கி வந்து மேஜையில் வைத்தார். புதன்கிழமை மேஜை டிராயரில் யாரோ ஒரு பிடி எலுமிச்சை மிட்டாய் போட்டிருந்தார்கள். கீமோவுக்கு அப்புறம் வாய் கசப்புக்கு நர்ஸ் சொன்ன அதே மிட்டாய்.

பூதக்கண்ணாடி கணக்குப் போட்டாள். வேலையைக் குறைக்கிறார்கள். அடுத்தது "நல்லா ரெஸ்ட் எடும்மா" தான். யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இஸ்திரிக்காரர் குடியிருப்பது ரேடியோவின் வீட்டுக்கு எதிர்வீட்டில்.

வேலை முடிந்ததும் நேரே அங்கே போனாள். ரேடியோ யாருடைய பேண்டுக்கோ ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை வெளிய போகக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"என்ன அண்ணி? நான் யார்கிட்டயும் சொல்லலியே."

"இஸ்திரிக்காரர் உன் எதிர்வீடுதானே?"

"எதிர்வீடுதான். பேசுவேன். தண்ணி வரலன்னு பேசுவேன், பூனை குட்டி போட்டுச்சுன்னு பேசுவேன். உங்களப் பத்தி வாயத் தொறக்கல. நெசமா சொல்றேன்."

"உன்னால வாயத் தொறக்காம இருக்க முடியும்னு நான் நம்பணுமாக்கும். வெள்ளிக்கிழமை நீ வர வேணாம். நானே போய்க்கறேன்."

ரேடியோவின் கண் நிறைந்துவிட்டது. பூதக்கண்ணாடி அதையும் நம்பவில்லை. அழத் தெரிந்தவர்களுக்கு நடிக்கவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் இஸ்திரிக்காரர் கட்டோடு வந்தார். அவள் கட்டை வாங்காமல் அவரையே பார்த்தாள்.

"அண்ணே, என் நாத்தனார் உங்ககிட்ட என்ன சொன்னா?"

அவர் கட்டைக் கீழே வைத்தார். "அவங்களா? ஒண்ணும் சொல்லல மேடம். நான்தான் திங்கக்கிழமை சாயங்காலமே கேட்டேன், உங்க அண்ணிக்கு எப்படி இருக்குன்னு. பல்லு வலின்னாங்க. எந்தப் பல்லுன்னேன். கீழ்வரிசையில கடவாய்ப் பல்லு, வேர் வளைஞ்சிருக்கு, டாக்டரே தலையில கைய வெச்சிட்டாருன்னு அரை மணி நேரம் சொன்னாங்க. எனக்கே பல்லு வலிச்சிடுச்சு."

"அப்போ உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அவள் கழுத்தைக் காட்டினார். "பென்சிலு, மேடம்."

அவளுக்குப் புரியவில்லை.

"உங்க கை கொண்டைக்குப் போச்சுன்னா இங்க நாற்பது மெஷினும் ஒரு நிமிஷம் நிக்கும். இன்னிக்கு யாரு மாட்டினாங்களோன்னு. பன்னண்டு வருஷமா எல்லாரும் தைக்கறது துணியப் பார்த்து இல்ல, உங்க பென்சிலப் பார்த்துதான். திங்கக்கிழமை அது கழுத்துல தொங்குச்சு. கொண்டை நெசம் இல்லன்னு பத்து மணிக்குள்ள கூடம் பூரா தெரிஞ்சுபோச்சு. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் முடி போச்சு. எலுமிச்சை மிட்டாய் நான்தான் வெச்சேன்."

பூதக்கண்ணாடி பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டாள். "என்ன வீட்டுக்கு அனுப்பத்தானே நாற்காலி போட்டாங்க?"

"அனுப்பறவங்க நாற்காலிய எடுத்துட்டுப் போவாங்க மேடம், எதுக்குப் போடறாங்க? சூப்பர்வைசர்தான் அவர் ரூம்லேர்ந்து தூக்கிட்டு வந்தாரு. ரெண்டு நாளா அவர் ஸ்டூல்ல உக்காந்திருக்காரு."

அவர் போனபின் நெடுநேரம் அவள் ஒரு சட்டையையும் தொடவில்லை. ஊரிலுள்ள தப்பையெல்லாம் பிடித்தவள் தன் கழுத்தில் தொங்கிய தப்பைக் கோட்டைவிட்டிருந்தாள். அதற்காக அவளுக்கு வெட்கமாக இல்லை. அவளுக்காகக் கடவாய்ப் பல்லில் அரை மணி நேரம் பொய் சொன்னவளைப் போய்ப் பொய்க்காரி என்றோமே என்றுதான் வெட்கம்.

வீட்டுக்கு வந்து விக்கைக் கழற்றினாள். நாலு நாளாகத் தலை எரிந்துகொண்டிருந்தது. இன்று முதல்முறையாகக் கண்ணாடியில் நேராகப் பார்த்தாள். மொட்டைத் தலையில், விக்கின் உள்தையல் அழுத்திய இடத்தில், நெற்றியிலிருந்து காது வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. விரலால் தடவினாள், சுள்ளென்றது. இப்போது ஒரு நூல் பட்டாலும் இந்தத் தலைக்கு வலிக்கும். தையல் உள்ளே இருக்கக்கூடாது.

ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ரேடியோ கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"அந்தத் தொப்பி எங்க?"

"ரிஜக்ட் ஆன பீஸ்தானே. பழந்துணி மூட்டையில கிடக்கு."

"எடுத்துட்டு வா."

ரேடியோ கொண்டுவந்தாள். அம்பு இன்னும் அதன்மேல் இருந்தது. பூதக்கண்ணாடி துண்டை அவிழ்த்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். எந்த இடத்திலும் எதுவும் உறுத்தவில்லை. துணி மட்டும்தான் பட்டது.

"தலைக்கு உறுத்தக்கூடாதுன்னுதான் தையல வெளிய விட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல."

"சொல்ல விட்டீங்களா?"

"விடல. பென்சில வெச்சே கண்டுபிடிச்சிட்டாங்களாம். நீ சொல்லல. நான்தான் தப்பு."

"எனக்குக் கோவம் போகல அண்ணி."

"போக வேணாம். கோவத்தோடயே வா. நாளைக்கு அந்த அஞ்சு மணி நேரம் நீ பேசாம என்னால உக்கார முடியாது. போன தடவையும் அதனாலதான் உக்காந்தேன்."

ரேடியோ கையை நீட்டி, தொப்பியிலிருந்து சிவப்பு அம்பை மெதுவாக உரித்தாள். எங்கே ஒட்டலாம் என்று பார்ப்பவள்போல அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, நுனி கீழே முகத்தைக் காட்டும்படி, அவள் நெற்றியின் நடுவில் ஒட்டி விரலால் அழுத்தினாள்.

பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அம்பை எடுக்கவில்லை.

"காலைல எட்டு மணிக்கு ரெடியா இருங்க" என்றாள் ரேடியோ. "இந்த வாட்டி எந்தப் பல்லுன்னு போற வழியில பேசிக்கலாம்."