அசிட் கை

"தட்டை இங்க குடு, தெரேசா. நீ தொட வேணாம்."

அந்தோணியம்மா கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. மருமகளின் மடியிலிருந்த வளையல் தட்டைப் பிடுங்காத குறையாக இழுத்தெடுத்தாள். கண்ணாடி வளையல்கள் சரிந்து கலகலத்தன. ஞாயிற்றுக்கிழமை இளைய மருமகள் சரோனுக்கு வளைகாப்பு. தெஹியோவிட்ட டவுனில் ஜஸீல் கடையிலிருந்து வாங்கிவந்த வளையல்களைப் பச்சை வேறு, சிவப்பு வேறாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த மூத்த மருமகள் தெரேசம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"ஏன் அத்தை?"

"ஒன் கையக் கொஞ்சம் பாரு. தோலு உரிஞ்சி, நகமெல்லாம் மஞ்சளா கெடக்கு. அசிட் கை. அதால தொட்டத புள்ளத்தாச்சி கையில போடலாமா?"

தெரேசம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அத்தை சொன்னதில் பொய் இல்லை. விரல் இடுக்குகளில் தோல் வெண்மையாக வெந்து, சில இடங்களில் வெடித்திருந்தது. அவள் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

விதவை என்ற சொல்லை அந்தோணியம்மா சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். "புருசன் செத்தவள ஒதுக்குற சாங்கியமெல்லாம் எங்க ஆளுங்கக்கிட்ட கெடையாது" என்று பக்கத்து லயத்து வீட்டுப் பெண்களிடம் பெருமையடித்தவள் அவள். சாங்கியம் இல்லை, ஆனால் மனதில் பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு நல்ல காரணம் தேவைப்பட்டது. அசிட் அதைக் கொண்டுவந்து கொடுத்தது.

கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்த சரோனின் புருஷன் ரொபர்ட் தலை நிமிரவில்லை. தாய் சொன்னதும் கேட்டது, அண்ணி எழுந்து போனதும் தெரிந்தது. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசினால் அந்தக் கை எப்படி அசிட் கை ஆனது என்ற கதை வரும். அந்தக் கதையில் அவன்தான் முதல் ஆள்.

ரொபர்ட் தோட்டத்து றப்பர் பக்டரியில் சேப்டி ஒபிசர். அந்த லயத்தில் டிப்ளோமா முடித்து, சப்பாத்துப் போட்டுக்கொண்டு பக்டரிக்குள் போன முதல் பிள்ளை. அவன் அண்ணன் பவுல் இரண்டு வருடங்களுக்கு முன் அடைமழையில் மண்மேடு சரிந்து செத்துப்போனான். பிள்ளை இல்லை. தெரேசம்மா லயத்து வீட்டின் அதே காம்பராவில், அதே பக்டரியில், றப்பர் ஷீட் தரம் பிரிக்கும் மேசையில் வேலை செய்துகொண்டு இருந்தாள்.

பக்டரியின் பின்பக்கம் அசிட் மூலை. காலையில் வெட்டிக் கொண்டுவரும் றப்பர்ப் பாலைத் தொட்டியில் ஊற்றியதும், போமிக் அசிட்டைக் கேனிலிருந்து ஜக்கில் பிடித்து, வாளித் தண்ணீரில் கலந்து, பாலில் விடவேண்டும். அப்போதுதான் பால் உறையும். கேனைத் திறந்தாலே மூக்கைப் பிய்க்கும். யாரும் விரும்பிப் போகாத மூலை. அதனால் அங்கே யாரை நிறுத்துவது என்பதில் தோட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேட்க ஆள் இல்லாதவளை நிறுத்துவார்கள். புருஷன் செத்தவள், இல்லாவிட்டால் புருஷன் விட்டுப்போனவள். கடைசியாக நின்றவள் வயதாகி நின்றுகொண்டதும், ஷீட் தரம் பிரிக்கப் பழகியவள் என்பதால் தெரேசம்மாவை விட்டுவிட்டு, புதிதாக வேலைக்கு வந்த சரோனைத் தற்காலிகமாகப் போட்டார்கள்.

சரோன் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மறுநாளே ரொபர்ட் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனான். அந்த வாடை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்றான். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று துரை ஒத்துக்கொண்டார். அப்படியானால் யாரைப் போடுவது என்று கேட்டார். ரொபர்ட் யோசிக்கவே இல்லை. அண்ணி இருக்கிறார்கள், அவர்களுக்கு அப்படி ஒன்றும் பிரச்சினை இல்லை என்று சொன்னான்.

தெரேசம்மாவிடம் வீட்டில் வந்துதான் சொன்னான். அவள் மறுப்புச் சொல்லவில்லை. சரோன் பாவம், மாசமா இருக்கிற பிள்ளை அங்கே நிற்கக் கூடாதுதான் என்றாள். போன முதல் வாரமே கையுறை கேட்டாள். ஓடர் போட்டிருக்கிறது என்றான் ரொபர்ட். பிறகும் கேட்டாள், அதே பதில். சரோனுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது, ஓடர் மட்டும் வந்தபாடில்லை. றப்பர் விளைகிற தோட்டத்தில் ஒரு சோடி றப்பர் கையுறைக்கு அவ்வளவு பஞ்சம்.

இந்த நிலையில்தான் வெளிநாட்டில் றப்பர் வாங்குகிறவர்கள் அடுத்த மாதம் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. பக்டரியில் பாவிக்கும் ஒவ்வொரு இரசாயனத்தையும் ஆபத்து வாரியாக வகைப்படுத்தி, தமிழிலும் சிங்களத்திலும் போர்ட் மாட்டவேண்டும் என்று ரொபர்ட்டிடம் துரை சொன்னார். வளையல் தட்டு பறிபோன அந்த நாள் பகல் முழுவதும் அவன் ஒபிசில் அந்த வேலையில்தான் இருந்தான்.

அசிட் கம்பனி அனுப்பிய தகவலைப் பார்த்துப் போமிக் அசிட்டுக்கு ஒவ்வொன்றாக எழுதினான். தோலை எரிக்கும், கடுமையான வகுப்பு. கண்ணில் பட்டால் பார்வை திரும்பாத பாதிப்பு. ஆவியைச் சுவாசித்தால் நச்சு. நெருப்பருகே வைத்தால் தீப்பற்றும். சொட்டும் திரவம் கையை அரிக்கிற படத்தைச் சிவப்புக் கட்டத்துக்குள் போட்டான். பிறகு, தான் துரையிடம் சொன்னது எங்கே இருக்கிறது என்று தேடினான். கருவைப் பாதிப்பவற்றுக்கென்று தனி வகுப்பு ஒன்று உண்டு. சில இரசாயனங்கள் அதில் வரும். போமிக் அசிட் அதில் வரவில்லை. மீண்டும் மேலே போய் வாசித்தான். தோலை எரிக்கும் என்று இருந்தது. யாருடைய தோலை என்று இல்லை.

சரோனை அங்கிருந்து எடுத்தது தப்பில்லை. அந்த மூலையில் அப்படி வெறுங்கையோடு ஒருவரும் நிற்கக் கூடாது. ஆனால் அவன் ஒருத்தியை எடுத்து இன்னொருத்தியை வைத்தான். வைத்தபோது, அவளுக்கும் தோல் இருக்கிறது என்பது அவன் நினைவுக்கே வரவில்லை. அதுதான் அவனைக் குத்தியது.

பரிகாரமாக, வேலையை எல்லோருக்கும் முறை வைத்துக் கொடுக்கவேண்டும், ஆண்களும் செய்யவேண்டும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கேனைத் திறக்கக் கூடாது என்று போர்டின் கடைசியில் எழுதிக்கொண்டு துரையிடம் போனான். துரை கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டே அந்த வரிகளை அடித்துவிட்டார். ஆண்கள் ஷீட் அழுத்தும் ரோலருக்கு வேண்டும் என்றார். அதற்குப் பதிலாகக் கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், கலியாணம் ஆகாத பெண்கள் இந்த வேலையில் ஈடுபடக் கூடாது என்று ஒரு வரி போடச் சொன்னார். பெண்களை எவ்வளவு கவனிக்கிறோம் என்று வருகிறவர்கள் மெச்சுவார்களாம்.

"ஹரி சேர்" என்று சிங்களத்தில் ஒத்துக்கொண்டான் ரொபர்ட்.

அந்த மூலைக்கு இனி யார் மிச்சம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. புருஷன் இருக்கிறவள் என்றால் கேட்க ஆள் உண்டு. பெயர் எழுதவேண்டிய தேவையே இருக்கவில்லை. முன்பு வெறும் வழக்கமாக இருந்தது, இப்போது சிவப்புக் கட்டத்தோடு சட்டம் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை போர்டை மாட்டினார்கள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் தெரேசம்மா. ஜக்கைக் கீழே வைத்துவிட்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். ரொபர்ட் அந்தப் பக்கம் வராமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. பால் தொட்டியருகே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இத நீங்கதானே எழுதுனீங்க?"

"ஆமா அண்ணி."

"புள்ளத்தாச்சி கூடாது, பால் குடுக்குறவ கூடாது, கொமரிப் புள்ளைங்க கூடாது. நல்லதுதான். அப்ப யாரு செய்யலாம்?"

அவன் போர்டைப் பார்த்தான்.

"புருசன் செத்தவ தோலு எரியாதுன்னு இதுல எந்த எடத்துல போட்டிருக்கு? காட்டுங்க, நானும் பாக்குறேன்."

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். திட்டியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவள் அசிட் மூலைக்குப் போகவில்லை. பழைய ஷீட் மேசையில் போய் நின்றுகொண்டாள். கங்காணி வந்து விரட்டினான். அங்கே போகாவிட்டால் இன்றைக்குப் பேர் போடமாட்டேன் என்றான். பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அவள் நகரவில்லை. தொட்டி நிறையப் பால் வந்து இறங்கிவிட்டது. நேரத்துக்கு அசிட் விடாவிட்டால் அவ்வளவும் பழுது. கங்காணி சுற்றிலும் பார்த்தான். ரோலர் ஆண்கள் ரோலரைத் துடைத்தார்கள், பெண்கள் குனிந்துகொண்டார்கள்.

ரொபர்ட் போய் ஜக்கை எடுத்தான். வீரம் ஒன்றும் இல்லை. அண்ணி தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான். பழக்கமில்லாத கை. கேனைச் சாய்த்தபோது குபுக்கென்று வந்து, வலது கை விரல்களிலும் புறங்கையிலும் மணிக்கட்டிலும் தெறித்தது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. அடுத்த கணம் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்தமாதிரி எரிந்தது. அவன் போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடிவந்தவள் தெரேசம்மாதான். பைப்பைத் திறந்து அவன் கையைத் தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒபிசருக்கு அசிட் பட்டுவிட்டது என்றதும் துரையே இறங்கி வந்துவிட்டார். ஸ்டோர்காரன் ஓடிப்போய்க் கையுறைகளைக் கொண்டுவந்தான். முழங்கை வரை வருகிற தடித்த கையுறைகள், பொலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் வரும்போது காட்டுவதற்கென்று எடுத்து வைத்தவையாம். அண்ணி இத்தனை மாதம் கேட்டும் வராத சாமான் அவனுக்குக் கால் மணி நேரத்தில் வந்தது. தெரேசம்மா கையுறையையும் பார்த்தாள், ரொபர்ட்டையும் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். வலியால் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அன்றைக்கு வேறு ஒருவன் அந்தக் கையுறையோடு பாலுக்கு அசிட் விட்டான். வேலை முடிந்ததும் ஸ்டோர்காரன் அவற்றைக் கழுவித் துடைத்து மறுபடி அலுமாரியில் வைத்துப் பூட்டினான். திங்கட்கிழமை தெரேசம்மா தன் இடத்துக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் வேலைக்கே வரவேண்டாம் என்று துரை சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லயத்துப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அந்தச் சிறிய காம்பராவில் பாய் விரித்து, நடுவில் சரோனைக் கதிரையில் உட்காரவைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டு முறைப்படி முதல் வளையல் புருஷன் போடவேண்டும். ரொபர்ட்டின் வலது கை மருந்துக் கட்டோடு இருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் தோல் வெண்மையாகச் சுருங்கியிருந்தது. முதல் நாள் இரவு அந்தோணியம்மாதான் சோற்றைப் பிசைந்து அவனுக்கு ஊட்டினாள், தன் பிள்ளையின் கை வெந்துபோயிற்றே என்று அழுதுகொண்டே.

"போடு ராசா" என்று தட்டை நீட்டினாள்.

ரொபர்ட் வளையலை எடுக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற அண்ணியை ஒருதரம் பார்த்தான்.

"இதுவும் அசிட் கைதானேம்மா" என்றான். "எப்படிப் போடுறது?"

"நீ வேற. ஆம்பளக் கைக்கு என்னா? அது ஆறிப் போயிரும்" என்றாள் அந்தோணியம்மா.

சொல்லிய பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. வந்திருந்த பெண்களுக்கும் விழுந்தது. அசிட் என்று இத்தனை நாளாகப் போர்த்தி வைத்திருந்த துணி எல்லோர் முன்னாலும் விலகிவிட்டது. ஒருத்தி தேவையில்லாமல் இருமினாள்.

சரோன் நீட்டியிருந்த கையைப் புருஷனிடமிருந்து திருப்பி அடுப்படிப் பக்கம் நீட்டினாள். இத்தனை மாதமாக அவளுக்கும் உறுத்தல்தான். தான் இறங்கிய இடத்தில் அக்கா நிற்கிறாள் என்பதை அவள் ஒருநாளும் மறக்கவில்லை.

"அக்கா, நீங்க வந்து போடுங்க. எனக்கு ஒங்க கைதான் வேணும்."

தெரேசம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சரோனின் விரல்களைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் தட்டிலிருந்து வளையலை எடுக்கவில்லை. அறையிலிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"போடுறேன் தங்கச்சி. ஆசையாத்தான் இருக்கு" என்றாள். "நாளக் காலயில அந்த ஜக்க யாரு தூக்குறதுன்னு மொதல்ல சொல்லுங்க. நான் மட்டுமில்லாம முறை போட்டு யார் யார் வருவீங்க? சொன்னீங்கன்னா இப்பயே போடுறேன்."

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் மெதுவாக, ஒருத்தி பின் ஒருத்தியாக, தங்கள் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்கள். ரொபர்ட்டின் கட்டுப்போட்ட கை மட்டும், ஒளித்து வைக்க இடமில்லாமல், வளையல் தட்டின் மேலேயே இருந்தது.