அம்மாவின் கைக்கட்டு

மகனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் பிரசங்கி. கம்பெனி கம்பெனியாகப் போய், வீட்டு வேலையை ஆணும் பெண்ணும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வகுப்பெடுப்பதுதான் அவன் பிழைப்பு. வீடு திரும்பினால், சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்துபோவான். ஓய்வுபெற்ற சுங்க அதிகாரியான அப்பாவும் அப்படித்தான். என்ன, அவர் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. அந்த மட்டில் யோக்கியர்.

இரண்டு தட்டுகளையும் கழுவிவந்த அம்மா ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டார்கள். மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் முழுக்க அவளுக்கு அங்கே வேலை.

மறுநாளே தொட்டியில் பாத்திரம் மலையாகக் குவிந்தது. டீ குடிக்க ஒரு டம்ளர்கூட மிச்சமில்லை. மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்த அப்பா, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியருகே போனார். மனம் திருந்தி அல்ல, வயிறு கேட்கவில்லை. சோப்பை வாரி இறைத்தும் பிசுக்கு பாதி அப்படியே இருந்தது.

பிரசங்கி போனும் கையுமாக ஓடி வந்தான்.

"அப்பா, அப்படியே நில்லுங்க! என் கிளாஸ்ல போட்டா பிச்சுக்கும்!"

"போனை வெச்சுட்டு வந்து அந்தச் சட்டியைத் தேய்டா."

"எனக்கு மீட்டிங் இருக்குப்பா."

"என்ன மீட்டிங்?"

"வீட்டு வேலையைப் பத்திதான்."

அம்மா சிரித்த சிரிப்பில் கட்டுப்போட்ட கை விண்ணென்று வலித்தது.

சாயங்காலத்துக்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. 'மாறிய தந்தை, மாற்றிய மகன்' என்று தலைப்பு வேறு. வேலை முடிந்து வந்த மருமகள், அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்தபடியே அதைப் பார்த்தாள்.

"மாத்தின மகன் எங்கே அத்தை?"

"படுத்திருக்கான். பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கிச்சாம்."

மருமகள் சட்டியைத் தொட்டியிலேயே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டுப் பிரிக்க அம்மாவை அவள்தான் கூட்டிப்போனாள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றார் டாக்டர். வெளியே வந்த அம்மா விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். முகம் வாடியது.

"மறுபடி அந்தத் தொட்டிதான்."

"யார் சொன்னா? இன்னும் வலிக்குதுதானே அத்தை?"

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "ஆமாண்டி. பாழாப்போன வலி, விடவே மாட்டேங்குது."

இப்போதும் வேலைக்குக் கிளம்பும் முன் மருமகள் மாமியார் கைக்கு ஒரு துணிக்கட்டுப் போட்டுவிடுகிறாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே கழுவுகிறார், பிசுக்கும் போகிறது. மகன் தட்டை மட்டும் தொடமாட்டேன் என்றுவிட்டார். அதனால் பிரசங்கியும் தன் தட்டைத் தானே கழுவுகிறான். ஒரே ஒரு தட்டு. கழுவி வைத்ததும் திரும்பிப் பார்ப்பான், யாராவது கைதட்டுகிறார்களா என்று.